விற்காத கார் யாருடையது?
வாகன விற்பனை ஷோரூமிலிருந்து இணையத்துக்கு நகரும் வரலாறு

ஒரு கார் நிறுவனம் சென்ற மாதம் இத்தனை ஆயிரம் கார் விற்றதாக அறிவித்தால், அத்தனை கார்களும் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பொருள் இல்லை. இந்தியாவில் அந்த எண் பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்து டீலர்களுக்கு அனுப்பப்பட்ட வண்டிகளின் எண்ணிக்கை. உற்பத்தியாளர் சங்கமான சியாம் வெளியிடுவது இந்தக் கணக்கைத்தான். டீலர்களின் கூட்டமைப்பான ஃபாடா வேறொரு கணக்கை வெளியிடுகிறது. அது வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களில் பதிவாகி, மத்திய அரசின் வாகன் தளத்தில் ஏறிய வண்டிகளின் கணக்கு. முதல் கணக்குக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசம் ஊருக்கு வெளியே ஏதோ ஒரு யார்டில் தூசி படிந்து நிற்கிறது. 2024 செப்டம்பரில் அப்படி நின்றவை சுமார் 7.9 லட்சம் கார்கள் என்றும், அவற்றின் மதிப்பு 79,000 கோடி ரூபாய் என்றும் ஃபாடா கணக்கிட்டது. புதிய வண்டி எதுவும் வராவிட்டாலும் 80 முதல் 85 நாள் வரை விற்கப் போதுமான சரக்கு அது.

அந்தக் கார்களுக்கான பணம் நிறுவனத்துக்கு ஏற்கெனவே போய்விட்டது. டீலர் வங்கியில் கடன் வாங்கிக் கட்டியிருக்கிறார். நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வட்டி ஓடுகிறது. மாதக் கடைசியில் ஷோரூமுக்குப் போனால் தள்ளுபடி கூடுதலாகக் கிடைக்கும் என்று கார் வாங்குவோர் பேசிக்கொள்வதற்கு அடிப்படை இந்த வட்டியும், நிறுவனம் டீலருக்கு விதிக்கும் மாத இலக்கும்தான்.

கார் விற்பனை இணையத்துக்கு மாறுவதைப் பற்றிய பேச்சு பொதுவாக ஷோரூமுக்கும் கைபேசித் திரைக்கும் நடக்கும் போட்டியாகவே சொல்லப்படுகிறது. கடை எங்கே இருக்கிறது என்பது மேற்பரப்பில் தெரிவது. அடியில் இருக்கும் கேள்வி, விற்காமல் நிற்கும் கார் யாருடைய சொத்து, அதன் விலையைச் சொல்லும் உரிமை யாருக்கு என்பது. இந்த வணிகத்தில் கடந்த முப்பது ஆண்டுகளாக நடந்திருக்கும் முயற்சிகளில் வென்றவை எவை, தோற்றவை எவை என்பதை இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால்தான் விளங்குகிறது.

டீலர் முறை பிறந்த விதம்

டீலர் இல்லாமல் கார் விற்பது புதிய யோசனை அன்று. அமெரிக்காவில் கார்த் தொழில் தொடங்கிய நாட்களில் தொழிற்சாலையே நேராக விற்றது. ஊர் ஊராகப் போன முகவர்கள் விற்றார்கள், பல்பொருள் அங்காடிகளும் விற்றன. சியர்ஸ் நிறுவனம் 1908 முதல் 1912 வரை தன் அஞ்சல்வழி விற்பனைப் பட்டியலில் சட்டை, தையல் இயந்திரம் ஆகியவற்றோடு காரையும் சேர்த்து விற்றது. சியர்ஸ் மோட்டார் பக்கி என்ற அந்த வண்டியின் ஒரு மாதிரி 395 டாலருக்குக் கிடைத்தது. பணம் அனுப்பினால் மரப்பெட்டியில் ரயிலேறி வரும். இலாபம் இல்லாததால் சியர்ஸ் அதைக் கைவிட்டது. பெட்டியில் வந்த கார் வழியில் நின்றுபோனால் அதைப் பழுதுபார்க்க ஊரில் ஆள் வேண்டும். அந்தக் காலத்துக் கார் அடிக்கடி நின்றது.

ஊருக்கு ஓர் ஆள் வேண்டும் என்ற தேவையில்தான் டீலர் வந்தார். நிறுவனத்துக்கு அவரால் இன்னொரு பெரிய நன்மையும் இருந்தது. கார் செய்ய எஃகும் கூலியும் முன்னாலேயே கொடுக்க வேண்டும், வாங்குபவர் பணமோ பல மாதம் கழித்து வரும். அந்த இடைவெளியை டீலர் தன் முதலைப் போட்டு அடைத்தார். இதன் கொடுமையான பக்கத்தை 1920-ன் இறுதியில் ஹென்றி ஃபோர்டு காட்டினார். போருக்குப் பிந்தைய மந்தத்தில் கார் விற்கவில்லை. மற்ற பங்குதாரர்களை விலைக்கு வாங்கியதற்காக எடுத்த கடனை அவர் திருப்பிக் கட்ட வேண்டியிருந்தது. நியூயார்க் வங்கிகளிடம் கையேந்த அவர் விரும்பவில்லை. கேட்காத டீலர்களுக்கும் கார்களை ரயிலில் ஏற்றி அனுப்பினார். பணம் கட்டி எடுக்காவிட்டால் டீலர்ஷிப் போய்விடும். நாடெங்கும் ஃபோர்டு டீலர்கள் தங்கள் ஊர் வங்கிகளில் கடன் வாங்கிக் கட்டினார்கள். ஃபோர்டு வாங்க மறுத்த கடனை ஆயிரக்கணக்கான சிறு வணிகர்கள் தங்கள் பெயரில் வாங்கினார்கள் என்பதே அதன் பொருள்.

இப்படிப்பட்ட அனுபவங்களின் விளைவுதான் அமெரிக்காவின் டீலர் பாதுகாப்புச் சட்டங்கள். 1937-ல் விஸ்கான்சின் மாநிலம் தொடங்கி வைத்தது. பிறகு எல்லா மாநிலங்களும் ஏதோ ஒரு வடிவில் இத்தகைய சட்டத்தை இயற்றின. 1956-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், நிறுவனம் நல்லெண்ணமின்றி நடந்துகொண்டால் டீலர் மத்திய நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வழிசெய்தது. மாநிலச் சட்டங்கள் பல இன்னும் ஒரு படி மேலே போய், கார் தயாரிப்பவர் பொதுமக்களுக்கு நேரடியாகக் கார் விற்கக்கூடாது என்றே சொல்லின. டீலரை நட்டாற்றில் விட்டுவிட்டு நிறுவனமே பக்கத்தில் கடை போட்டுவிடும் என்ற அச்சம் அதற்குக் காரணம். அரை நூற்றாண்டுக்குப் பிறகு இணையம் முட்டிக்கொண்டு நின்ற சுவர் இதுதான்.

விலை வெளியே வந்த கதை

ஷோரூமின் பலம் நெடுங்காலம் வாங்குபவரின் அறியாமையில் இருந்தது. ஒரே காருக்கு டீலருக்கு டீலர் விலை மாறும், ஆளுக்கு ஆளும் மாறும். இதைக் கட்டுப்படுத்த ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி 1958-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். புதிய காரின் கண்ணாடியில் நிறுவனம் பரிந்துரைக்கும் விலை, கூடுதல் உபகரணங்களின் விலை, போக்குவரத்துச் செலவு எல்லாம் அச்சிட்டு ஒட்டியாக வேண்டும். அந்தத் தாளுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

ஆனால் டீலர் அந்தக் காரை என்ன விலைக்கு வாங்கினார் என்பது அந்தத் தாளில் இல்லை. அதைப் புத்தகமாகப் போட்டு விற்றது 1966-ல் தொடங்கிய எட்மண்ட்ஸ். பழைய கார்களின் விலைக்கு 1926 முதலே கெல்லி புளூ புக் இருந்தது. 1990-களின் நடுவில் இந்த விவரங்கள் இணையத்தில் இலவசமாக வந்தன. 1995-ல் தொடங்கிய ஆட்டோபைடெல், வாங்க விரும்புபவர் தேவையை எழுதிக் கொடுத்தால் அருகிலுள்ள டீலரிடம் அதைச் சேர்த்து, பேரமில்லாத ஒரு விலையைப் பெற்றுத் தந்தது. கார் விற்றது டீலர்தான். ஆட்டோபைடெல் டீலரிடம் கட்டணம் பெற்றுக்கொண்டு வாடிக்கையாளரை அனுப்பியது. டீலரின் சொத்துரிமையில் கைவைக்காமல் அவர் வாயிலிருந்து விலையை மட்டும் பிடுங்கிய ஏற்பாடு அது. ஒரு மாநிலச் சட்டத்தையும் மாற்றாமல் பரவ முடிந்ததற்கு அதுவே காரணம்.

இதன் பயனைப் பொருளியல் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். இயன் ஏர்ஸ் 1990-களில் சிக்காகோ வட்டாரத்தில் ஒரு சோதனை நடத்தினார். ஒரே மாதிரி உடை, ஒரே மாதிரி பேச்சு, ஒரே பேர உத்தி என்று பயிற்சி கொடுத்து வெள்ளையர், கறுப்பர், ஆண், பெண் என வெவ்வேறு ஆட்களை ஷோரூம்களுக்கு அனுப்பினார். வெள்ளை ஆண்களுக்குச் சொன்ன விலையைவிடக் கறுப்பருக்கும் பெண்களுக்கும் சொன்ன விலை கூடுதலாக இருந்தது. பிறகு பியோனா ஸ்காட் மார்ட்டன், புளோரியன் செட்டல்மேயர், ஜார்ஜ் சில்வா-ரிசோ மூவரும் உண்மையான விற்பனைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஆட்டோபைடெல் வழியாக வந்தவர் சராசரியாக 2 சதவீதம் குறைவாகக் கொடுத்திருந்தார். கறுப்பரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் நேரில் வாங்கும்போது ஏறக்குறைய 2 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தார்கள். இணையம் வழியாக வந்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. பேரம் பேசத் தெரிந்தவருக்கு இணையத்தால் கிடைத்த ஆதாயம் சிறிது. ஆளைப் பார்த்ததுமே விலை ஏற்றப்பட்டவர்களுக்குக் கிடைத்த ஆதாயம்தான் பெரிது. இணையக் கார் விற்பனையைப் பற்றி வந்த புகழுரைகளில் இந்த ஒன்றுக்குத்தான் உறுதியான ஆதாரம் இருக்கிறது.

நேரடி விற்பனையின் வழக்குகள்

விலையை மட்டும் வெளியிடாமல் காரையே இணையத்தில் விற்க ஒரு பெரிய நிறுவனம் முன்வந்தபோது என்ன நடக்கும் என்பதை டெக்சாஸ் காட்டியது. ஃபோர்டு தன்னிடமிருந்த பழைய கார்களை 1990-களின் இறுதியில் ஓர் இணையதளத்தில் விலையோடு பட்டியலிட்டது. வாங்குபவர் தேர்ந்தெடுத்தால் கார் ஊர் டீலரிடம் வந்து சேரும். இது தயாரிப்பாளரே விற்பதற்குச் சமம் என்று மாநில அரசு தடுத்தது. ஃபோர்டு வழக்குப் போட்டது. 2001-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் நின்றது. பழைய டீலர்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் அதற்குப் பிறகு நெடுங்காலம் அந்தப் பாதையில் துணிந்து காலெடுத்து வைக்கவில்லை.

டெஸ்லாவுக்கு அந்தத் தளை இல்லை. 2003-ல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்குப் பகைத்துக்கொள்ள ஒரு டீலர்கூட இருந்ததில்லை. வணிக வளாகங்களில் சிறு கடை வைத்து, காரைக் காட்டி, கணினியில் ஆர்டர் எடுத்தது. டீலர் சங்கங்கள் மாநிலத்துக்கு மாநிலம் வழக்குப் போட்டன. மசாசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2014-ல் டெஸ்லாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்தச் சட்டம் ஒரு நிறுவனத்தின் டீலரை அதே நிறுவனத்திடமிருந்து காப்பதற்காக வந்தது, டெஸ்லாவோடு தொடர்பே இல்லாத டீலர்கள் அதைக் காட்டி வழக்குப் போட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். டீலர் சட்டங்கள் எதற்காகப் பிறந்தனவோ அந்தக் காரணத்தை நினைவில் வைத்த தீர்ப்பு அது.

மற்ற இடங்களில் நிலைமை இவ்வளவு தெளிவாக இல்லை. டெஸ்லா தன் தலைமையகத்தையே 2021-ல் டெக்சாஸுக்கு மாற்றியது, அங்கே பெரிய தொழிற்சாலையும் கட்டியது. ஆனாலும் டெக்சாஸ் சட்டப்படி அந்த மாநிலத்திலுள்ள அதன் காட்சிக்கூடத்தில் விலையைப் பற்றிப் பேச முடியாது. வாங்குபவர் இணையத்தில் ஆர்டர் செய்ய வேண்டும். நேரடி விற்பனையைத் தடுக்கும் நியூ மெக்சிகோவில் அந்நிறுவனம் 2021-ல் நம்பே பழங்குடியினரின் தன்னாட்சி நிலத்தில், முன்பு சூதாட்ட விடுதியாக இருந்த ஒரு கட்டடத்தில் கடை திறந்தது. மாநிலச் சட்டம் அந்த நிலத்தின் எல்லையோடு நின்றுவிடும்.

சட்டம் தடுக்காத இடத்திலும் திரை மட்டும் போதுமானதாக இல்லை. 2019 பிப்ரவரி 28 அன்று டெஸ்லா தன் கடைகளில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டு, உலகெங்கும் இணையத்தில் மட்டுமே விற்கப்போவதாக அறிவித்தது. மிச்சமாகும் செலவைக் காரின் விலையில் குறைக்கப்போவதாகவும் சொன்னது. பத்தே நாளில் அதிலிருந்து பின்வாங்கியது: மூடுவதாகச் சொன்ன கடைகளில் ஒரு பகுதி திறந்தே இருக்கும், விலை சற்று ஏறும். வாங்கும் பொத்தான் இணையத்தில் இருந்தாலும் அதை அழுத்தும் துணிச்சலைக் கடை தந்துகொண்டிருந்தது என்பதைத்தான் அந்தப் பின்வாங்கல் காட்டியது.

பழைய கார்: எலுமிச்சையின் சிக்கல்

புதிய காரைவிடப் பழைய காரை இணையத்தில் விற்பது எளிது என்று முதலீட்டாளர்கள் நினைத்தார்கள். சட்டத் தடை குறைவு, டீலர் சங்கத்தின் எதிர்ப்பும் குறைவு. ஆனால் பண்டத்தின் இயல்பு எதிராக இருந்தது. ஒரே நாளில் தொழிற்சாலையை விட்டு வந்த இரண்டு புதிய கார்கள் ஒன்றே போன்றவை. ஐந்து ஆண்டு ஓடிய இரண்டு கார்கள் ஒருபோதும் ஒன்றல்ல. ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைப் பற்றியதுதான். விற்பவருக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாக் காரையும் சந்தேகித்து விலையைக் குறைப்பார், நல்ல கார் வைத்திருப்பவர் விற்காமல் ஒதுங்குவார், சந்தையில் குப்பை மிஞ்சும். அமெரிக்கப் பேச்சுவழக்கில் எலுமிச்சை என்றால் இப்படிக் காலை வாரும் கார். தமிழ்நாட்டில் எலுமிச்சை புதிய காரின் சக்கரத்துக்கு அடியில் திருஷ்டிக்காக வைக்கப்படுவது. ஒரே பழம், இரு ஊர்களில் இரு வேறு அச்சங்களுக்கு.

2012-ல் தொடங்கிய கார்வானா இந்தச் சந்தேகத்தை ஏழு நாள் திருப்பித் தரும் உரிமையைக் கொண்டு எதிர்கொண்டது. கார் வீட்டு வாசலுக்கு வரும். பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். நாணயம் போட்டால் கார் இறங்கிவரும் பல மாடிக் கண்ணாடிக் கோபுரங்களையும் அது கட்டியது. விளம்பரத்துக்கு அது உதவியது. ஆனால் இங்கே காருக்குச் சொந்தக்காரர் கார்வானாவே. தானே வாங்கி, தானே பழுதுபார்த்து, தானே நிறுத்தி வைத்து விற்றது. பெருந்தொற்றுக் காலத்தில் பழைய காரின் விலை ஏறியபோது இந்தச் சரக்கு பொன்னாக இருந்தது. 2021 ஆகஸ்டில் அதன் பங்கு விலை 370 டாலரைத் தொட்டது. விலை இறங்கி வட்டி ஏறியதும் அதே சரக்கு சுமையானது. 2022 டிசம்பரில் பங்கு 4 டாலருக்கும் கீழே போனது. அதே ஆண்டில் உரிமை மாற்றத் தாள்களை நேரத்துக்குத் தராததற்காக இல்லினாய் மாநிலம் அதன் உரிமத்தை நிறுத்தி வைத்தது. கார் வந்துவிட்டது, காகிதம் வரவில்லை. கார்வானா கடனைச் சீரமைத்துப் பிழைத்து மீண்டெழுந்தது. பிரிட்டனில் 2018-ல் தொடங்கிய கசூ பிழைக்கவில்லை. கால்பந்து அணிகளின் சட்டைகளில் பெயர் பொறித்து நாடறிந்த அந்த நிறுவனம் 2024 மே மாதம் நொடித்துப்போனது. அமெரிக்காவில் விரூம் 2024 ஜனவரியில் இணைய விற்பனையை மூடியது. இவை எல்லாம் டீலரை ஒழிப்பதாகச் சொல்லி டீலரின் சுமையைத் தங்கள் தலையில் ஏற்றிக்கொண்ட நிறுவனங்கள்.

இந்தியாவில் கார்வாலே, கார்தேக்கோ போன்ற தளங்கள் தொடக்கத்தில் விவரமும் விளம்பரமும் தந்தன. 2015-ல் தொடங்கிய கார்ஸ்24, ஸ்பின்னி ஆகியவை வண்டியைப் பரிசோதித்து வாங்கி விற்கும் வேலையில் இறங்கின. தமிழ்நாட்டில் பழைய கார் கைமாறுவது காலங்காலமாகத் தெரிந்த மெக்கானிக், ஊர் புரோக்கர், உறவினர் என்ற வட்டத்துக்குள் நடந்தது. அந்த மெக்கானிக் என்ஜினின் சத்தத்தைக் கேட்டுச் சொல்லும் ஒரு வார்த்தைக்கு ஈடாக இத்தளங்கள் நூற்றுக்கணக்கான அம்சங்களைச் சோதித்த அறிக்கையை வைக்கின்றன. பழைய கார் வணிகத்தில் இந்தியச் சட்டம் விட்டிருந்த பெரிய ஓட்டை, கார் டீலர் கையில் இருக்கும் இடைக்காலம். விற்றவர் கொடுத்துவிட்டார், வாங்குபவர் இன்னும் வரவில்லை, ஆர்.சி.யில் பழைய பெயரே இருக்கிறது. அந்த நேரத்தில் விபத்தோ குற்றமோ நடந்தால் போலீஸ் பழைய உரிமையாளரின் வீட்டுக் கதவைத்தான் தட்டும். 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம், பதிவுபெற்ற பழைய கார் டீலரிடம் வண்டி ஒப்படைக்கப்பட்டதை இணையத்தில் தெரிவிக்க வழி செய்து, அதிலிருந்து அவரையே உரிமையாளராகக் கருதச் செய்தது. விற்காத கார் யாருடையது என்ற கேள்விக்குச் சட்டமே நேராகப் பதில் சொன்ன அரிய இடம் இது.

ஒரே விலையும் அதற்கான நிபந்தனையும்

இணையத்தில் ஒரு பொருளுக்கு ஒரு விலைதான் இருக்க முடியும். சென்னையில் ஒரு டீலரும் மதுரையில் இன்னொரு டீலரும் வெவ்வேறு தள்ளுபடி கொடுக்கும்வரை நிறுவனத்தின் தளத்தில் போடும் விலைக்கு மதிப்பில்லை. எனவே நிறுவனங்கள் டீலரின் தள்ளுபடியைக் கட்டுப்படுத்த விரும்புகின்றன. ஆனால் கார் டீலரின் சொத்தாக இருக்கும்போது, அதை என்ன விலைக்கு விற்க வேண்டும் என்று வேறொருவர் கட்டளையிடுவது போட்டிச் சட்டத்தில் குற்றமாகக்கூடும். 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் மாருதி சுசூகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது இதற்காகத்தான். வாடிக்கையாளர் போல நடித்து ஷோரூமுக்குப் போகும் ஆட்களை அனுப்பி, கூடுதல் தள்ளுபடி கொடுத்த டீலரைப் பிடித்துத் தண்டம் வசூலிக்கும் ஏற்பாடு இருந்தது என்பது ஆணையத்தின் முடிவு. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. அதற்கு முன் 2017-ல் ஹூண்டாய்க்கு இதே வகைக் குற்றச்சாட்டில் 87 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டு, மறு ஆண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது.

இதிலிருந்து வெளிவர நேரான வழி ஒன்றுதான்: காரை டீலருக்கு விற்காமலே இருப்பது. விற்கும்வரை கார் நிறுவனத்தின் சொத்து, டீலர் அதன் முகவர். அவர் காட்டுவார், ஓட்டிப் பார்க்கக் கொடுப்பார், ஒப்படைப்பார், ஒவ்வொரு காருக்கும் ஒரு தொகை பெறுவார். தன் சொத்துக்குத் தானே விலை வைப்பதில் சட்டச் சிக்கல் இல்லை. மெர்சிடிஸ் பென்ஸ் இந்தியாவில் 2021 அக்டோபரில் இந்த முறைக்கு மாறியது. கையிருப்பு முழுவதையும் தானே வைத்துக்கொண்டது, நாடெங்கும் ஒரே விலை என்று அறிவித்தது, டீலர்களை விற்பனைப் பங்காளிகளாக மாற்றியது. ஆண்டுக்கு இருபதாயிரத்துக்கும் குறைவான கார்கள், காருக்கு அரைக் கோடி முதல் பல கோடி என்ற அளவில் விற்கும் நிறுவனத்துக்கு இது கைகூடியது. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் விற்கும் நிறுவனம் இதைச் செய்ய முனைந்தால், இன்று டீலர்கள் தாங்கும் பல்லாயிரம் கோடி ரூபாய்ச் சரக்கைத் தன் கணக்கில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டு அனுபவம் கலவையானது. ஆஸ்திரேலியாவில் மெர்சிடிஸ் 2022-ல் முகவர் முறைக்கு மாறியபோது 38 டீலர்கள் 650 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் கேட்டு வழக்குப் போட்டுத் தோற்றார்கள். வணிக நற்பெயர் அவர்கள் கட்டிவைத்தது, வாடிக்கையாளர் பட்டியல் அவர்கள் சேர்த்தது என்ற வாதத்தை 2023-ல் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் ஐரோப்பாவில் இதே திட்டத்தை அறிவித்த நிறுவனங்கள் பல தயங்கின. டாடாவுக்குச் சொந்தமான ஜாகுவார் லேண்ட் ரோவர் 2024-ல் அதைக் கைவிட்டது. சரக்கைத் தாங்குவதும், பழைய காரை எடுத்துக்கொண்டு புதியதைக் கொடுக்கும் சிக்கலான கணக்கை மையத்திலிருந்து நடத்துவதும் எளிதாக இல்லை. எக்ஸ்சேஞ்ச் வண்டிக்கு டீலர் சொல்லும் விலையில்தான் பேரம் இன்றும் ஒளிந்திருக்கிறது. புதிய காரின் விலையை அசைக்க முடியாதபடி கட்டிப்போட்டாலும், வாசலில் நிற்கும் பழைய காருக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து அதையே தள்ளுபடியாக்கிவிடலாம்.

அமெரிக்காவில் அமேசான் 2024 டிசம்பரில் கார் விற்கத் தொடங்கியபோதும் விற்பனையாளர் அமேசான் அன்று. ஹூண்டாய் டீலர்களின் கார்கள் அதன் தளத்தில் பட்டியலாயின. பணம் கட்டுவதும் கடன் எடுப்பதும் அங்கே. வண்டியை எடுப்பது ஊர் டீலரிடம். ஆட்டோபைடெல் முப்பது ஆண்டுகளுக்கு முன் போட்ட பாதையின் நீட்சியே அது.

இந்தியாவில் சட்டமும் வாசலும்

அமெரிக்க மாநிலங்களில் இருப்பதுபோல், தயாரிப்பாளர் நேரடியாக விற்கக்கூடாது என்ற சட்டம் இந்தியாவில் இல்லை. டீலரைக் காக்கும் தனிச் சட்டமும் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 2017-லும், ஹார்லி டேவிட்சன் 2020-லும், ஃபோர்டு 2021 செப்டம்பரிலும் விலகியபோது டீலர்களுக்கு ஒப்பந்தத் தாளைத் தவிர வேறு பிடிமானம் இருக்கவில்லை. ஃபோர்டின் மறைமலை நகர் ஆலை நிற்கப்போவது குறித்துத் தமிழ்நாட்டில் பேசப்பட்டதெல்லாம் பெரும்பாலும் தொழிலாளர் நிலை. ஃபோர்டுக்காக இடம் பிடித்துக் கட்டடம் கட்டிய ஏறத்தாழ 170 டீலர்களின் நிலையை ஃபாடா எடுத்துச் சொன்னது. டீலர் பாதுகாப்புச் சட்டம் வேண்டும் என்று அது தொடர்ந்து கேட்டுவருகிறது. அமெரிக்காவில் 1920-ல் ஃபோர்டு டீலர்களுக்கு நேர்ந்ததிலிருந்து 1956 சட்டம் வர 36 ஆண்டுகள் ஆயின.

பெருந்தொற்று இணைய விற்பனைக்கு ஒரு திடீர் உந்துதல் தந்தது. 2020 ஏப்ரலில் மாருதி உள்நாட்டில் ஒரு கார்கூட விற்கவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிக்கும் ஹூண்டாய், அந்த நேரத்தில் கிளிக் டு பை என்ற இணைய விற்பனையை நாடெங்கும் விரிவாக்கியது. மற்ற நிறுவனங்களும் தொடர்ந்தன. மாடல், நிறம், முன்பணம், கடன் விண்ணப்பம் வரை கைபேசியில் முடிகிறது. ஆனால் இவை எல்லாவற்றிலும் ஆர்டர் போய் விழுவது ஒரு டீலரின் கணக்கில். பில் போடுவது அவர்தான்.

அதற்கு மேல் சட்டம் தரும் வேலைகள் இருக்கின்றன. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம், புதிய வண்டியின் பதிவு விண்ணப்பத்தை டீலரே செய்ய வேண்டும் என்றும், பதிவெண் பொருத்தப்படும்வரை வண்டியை உரிமையாளரிடம் ஒப்படைக்கக்கூடாது என்றும் சொல்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டியதில்லை என்பது வாங்குபவருக்கு நிம்மதி. அதே சமயம் வணிகச் சான்றிதழ் பெற்ற ஓர் இடம், ஊரில், கட்டடமாக இருந்தாக வேண்டும். சாலை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் மாற்றத்தின்படி புதிய காருக்கு 5 லட்சம் ரூபாய் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். தளத்தில் தெரியும் எக்ஸ் ஷோரூம் விலைக்கும் கையைவிட்டுப் போகும் ஆன்ரோடு விலைக்கும் நடுவே லட்சக்கணக்கில் இடைவெளி விழுவது இதனாலும் இன்சூரன்ஸாலும்தான். நாடெங்கும் ஒரே விலை என்ற வாக்குறுதி மாநில எல்லையில் வந்து நின்றுவிடுகிறது.

டீலர் இல்லாமல் தொடங்கிப் பார்த்த இந்திய முயற்சியைக் காண நான்கு சக்கரத்தை விட்டு இரண்டு சக்கரத்துக்கு இறங்க வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஆலை அமைத்த ஓலா எலெக்ட்ரிக், 2021 ஜூலையில் 499 ரூபாய்க்கு முன்பதிவு தொடங்கியது. ஷோரூம் கிடையாது, கைபேசியில் வாங்கலாம், ஸ்கூட்டர் வீட்டுக்கு வரும். முன்பதிவு குவிந்தது. ஆனால் வண்டி மக்கர் செய்தபோது போய் நிற்க ஒரு வாசல் வேண்டியிருந்தது. 2022 முதல் அந்நிறுவனம் அனுபவ மையங்களைத் திறந்தது. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 10,000-க்கும் மேற்பட்ட புகார்களைச் சுட்டி அதற்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று ஒரே நாளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளைத் திறந்து, தன் கடைகளின் எண்ணிக்கையை 4,000 ஆக்கியதாக நிறுவனம் அறிவித்தது. கடையே வேண்டாம் என்று தொடங்கியதற்கும் நாட்டிலேயே பெரிய கடை வலைப்பின்னல்களில் ஒன்றாக மாறியதற்கும் இடையே நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. சர்வீஸை இணையத்தில் செய்ய முடியாது என்ற எளிய உண்மை, சியர்ஸ் மரப்பெட்டியில் அனுப்பிய காலத்திலிருந்து மாறவில்லை.

டெலிவரி நாளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். துணி மூடிய காரைக் குடும்பத்தோடு நின்று திறப்பது, ஷோரூம் வாசலிலேயே கற்பூரம் காட்டி மாலை போடுவது, பெரிய அட்டைச் சாவியோடு படம் எடுப்பது, அங்கிருந்து நேராகக் கோயிலுக்கு ஓட்டிப்போவது எல்லாம் தமிழ்நாட்டு ஷோரூம்களின் அன்றாடம். நல்ல நேரம் பார்த்து டெலிவரி கேட்பவர்களுக்காக ஊழியர்கள் விடியற்காலையிலேயே வந்து நிற்பதுண்டு. இதை வெறும் சடங்கு என்று ஒதுக்க முடியாது. பல குடும்பங்களுக்கு வீட்டுக்கு அடுத்த பெரிய செலவு இது. விலையைத் திரையில் பார்த்து முடிவுசெய்தவர்களும் ஒப்படைப்பைக் கட்டடத்தில் வைத்துக்கொள்ளவே விரும்புகிறார்கள்.

டெஸ்லா 2025 ஜூலை 15 அன்று மும்பை பாந்திரா குர்லா வளாகத்தில் தன் முதல் இந்தியக் கூடத்தைத் திறந்தது. அப்போது 59.89 லட்சம் ரூபாயில் தொடங்கிய மாடல் ஒய் காரை டீலர் இல்லாமல் நேரடியாக விற்கிறது. இறக்குமதி வரி ஏறிய விலையில், சில நகரங்களில் மட்டும் விற்கும் நிறுவனத்துக்கு அது போதும். வியட்நாமின் வின்ஃபாஸ்ட் வேறு வழியில் போனது. அமெரிக்காவில் 2022-ல் அந்த நிறுவனமும் கலிஃபோர்னியாவில் சொந்தக் கடைகள் திறந்து நேரடி விற்பனையில்தான் தொடங்கியது. 2023-ன் இறுதியில் டீலர்களைச் சேர்க்கத் திரும்பியது. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் அதன் ஆலை திறக்கப்பட்டபோது, இந்தியாவில் தன் கார்களை விற்க அது பல நகரங்களில் டீலர்களை நியமித்திருந்தது.